செயலியில் மருந்து எழுதுபவர் யார்? தேசிய மருத்துவ ஆணையத்துக்கு ஒரு மருந்தாளுநரின் திறந்த மடல்

தேசிய மருத்துவ ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

அருப்புக்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். கடை என்னுடையது இல்லை, மாதச் சம்பளத்துக்கு நிற்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மருந்துக் கடையில் இருப்பவர்கள் மருத்துவ ஆலோசனையும் மருந்தும் தரும் கைபேசிச் செயலிகளைப் பற்றி வாய் திறந்தாலே, வியாபாரம் போகிற எரிச்சலில் பேசுகிறார்கள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் எழுதுவது விற்பனையைப் பற்றி அல்ல. கைபேசித் திரையில் என் முன்னால் நீட்டப்படும் மருந்துச் சீட்டுகளைப் பற்றி.

2020 மார்ச் 25 அன்று, நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் வெளிவந்தன. அப்போது உங்கள் ஆணையம் உருவாகியிருக்கவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக இருந்த ஆளுநர் குழு அவற்றை வெளியிட்டது. பிறகு 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளில் ஐந்தாம் பின்னிணைப்பாக அவை சேர்ந்தன. நான் அவற்றை முழுக்கப் படித்திருக்கிறேன், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். மருத்துவர் தன் பதிவு எண்ணைச் சீட்டிலும் ரசீதிலும் காட்ட வேண்டும். செயலி நடத்துபவர், அதில் இருக்கும் ஒவ்வொரு மருத்துவரின் பெயர், படிப்பு, பதிவு எண், தொடர்பு விவரம் எல்லாம் தர வேண்டும். என்ன நோயாக இருக்கலாம் என்று கணிக்காமல் மருந்து எழுதினால் அது தொழில் ஒழுங்கீனம். செயற்கை நுண்ணறிவு நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. இத்தனையும் எழுத்தில் இருக்கிறது. இவற்றில் பாதிகூடப் பின்பற்றப்படாத சீட்டுகள் எங்கள் கடைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

அவற்றில் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, நான்கு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பையனுக்கு முந்தின நாள் இரவிலிருந்து காய்ச்சல். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் தன் கைபேசியில் இருந்த செயலியில் விவரத்தைத் தட்டி அனுப்பியிருக்கிறான். எழுத்திலேயே சில கேள்விகள், எழுத்திலேயே பதில்கள். யாரும் பையனின் முகத்தைப் பார்க்கவில்லை. மூச்சு வேகமாக வாங்குகிறதா, சிறுநீர் போகிறானா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டு வந்துவிட்டது. செஃபிக்சைம் என்ற ஆன்டிபயாடிக், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சிரப், ஓர் இருமல் மருந்து. நோயாளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மாணவனின் பெயர், வயது 20. எடை என்ற இடம் காலி. எத்தனை மில்லி கொடுக்கச் சொன்னார்கள் என்று கேட்டேன். "அதுலயே போட்டிருக்கும்ல?" என்றார். போடவில்லை.

குழந்தைக்குச் சிரப் எவ்வளவு என்பதை எடையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். மருந்துக் கடையில் ஒரு வருடம் நின்றவர்களுக்கே இது தெரியும். எழுதியவருக்குத் தெரியாமல் இருக்காது, அவர் மருத்துவராக இருந்தால். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அதைத்தான் என்னால் உறுதி செய்ய முடியவில்லை. மருத்துவர் என்று ஒரு பெயர் இருந்தது. ஊர் இல்லை, பதிவு எண் இல்லை, கையெழுத்து வர வேண்டிய இடத்தில் செயலியின் சின்னம் மட்டும் இருந்தது.

செஃபிக்சைம், கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 அட்டவணையில் வருவது. 2014 மார்ச் முதல் இந்த அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. இதில் உள்ள மருந்தைக் கொடுத்தால், எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். முகவரி இல்லாத மருத்துவரை நான் அந்தப் பதிவேட்டில் எப்படி எழுதுவது? உங்கள் நெறிமுறைப்படியே பார்த்தாலும், முதல் முறை பேசுகிற நோயாளிக்கு, அதுவும் வீடியோ இல்லாமல், பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் போன்ற, எந்த முறையில் பேசினாலும் எழுத அனுமதி உள்ள ‘ஓ’ பட்டியல் மருந்துகளைத்தான் எழுதலாம். ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் அதில் வராது.

மருந்து தர முடியாது, பையனை உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னேன். "டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு, நீ யாரும்மா வேண்டாங்கறதுக்கு?" என்று கேட்டார். அவருடைய கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆலைக்கு விடுப்புச் சொல்லி, பக்கத்து வீட்டுப் பையனிடம் கெஞ்சி, பணமும் கட்டி வாங்கிய சீட்டு அது. கொஞ்ச நேரத்தில் அவர் வேறொரு கடையிலிருந்து மருந்துப் பையோடு போவதைப் பார்த்தேன்.

நான் மறுத்தால் நோயாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அவ்வளவுதான். அடுத்த கடை வரை.

அடுத்து, செயலிகளில் மருந்து முதலிலும் மருத்துவர் பிறகும் வரும் முறை. உங்களில் எத்தனை பேர் இதை நேரில் பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். மருந்து விற்கும் செயலியில், வேண்டிய மாத்திரையை முதலில் தேர்ந்தெடுத்துக் கூடையில் போட வேண்டும். சீட்டு இருக்கிறதா என்று அது கேட்கும். இல்லை என்றால், எங்கள் மருத்துவர் உங்களை அழைப்பார் என்று வரும். அழைப்பு வருகிறது. பெயர், வயது, எதற்காக இந்த மருந்து, ஒவ்வாமை உண்டா. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. கூடையில் இருந்தது அப்படியே சீட்டாக வந்து சேர்கிறது. பணம் கட்டுவதற்கு நடுவில் ஒரு படியாக மருத்துவ ஆலோசனையை வைத்திருக்கிறார்கள். அந்த மருத்துவர் மருந்தை வேண்டாம் என்று சொன்னால் அன்றைய விற்பனை போகும். அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே நிறுவனம். இதில் நோயைக் கணிப்பது எந்த இடத்தில் நடக்கிறது? கணிக்காமல் எழுதுவது ஒழுங்கீனம் என்று உங்கள் விதியே சொல்லும்போது, அதற்கென்றே கட்டப்பட்ட ஒரு வழி இத்தனை வருடமாக எல்லோர் கண்ணுக்கும் முன்னால் எப்படித் திறந்திருக்கிறது?

மனப்பதற்றத்துக்குத் தரப்படும் அல்பிரஸோலம் மாத்திரைக்கும் செயலிச் சீட்டோடு இளைஞர்கள் வருகிறார்கள். ஒரே ஆள், ஒவ்வொரு முறையும் வேறு வேறு மருத்துவர் பெயர். போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதக் கூடாதவற்றின் பட்டியலில் நீங்கள் வைத்திருக்கிறீர்கள். பட்டியல் உங்களிடம் இருக்கிறது, சீட்டு என்னிடம் வருகிறது, நடுவில் அதைத் தடுக்க ஒருவரும் இல்லை.

இன்னொருவர், எழுபதைத் தாண்டிய பெரியவர், எங்கள் கடையில் வெகுநாளாகச் சர்க்கரை மாத்திரை வாங்குபவர். பேரன் செயலியில் காட்டினான் என்று புதுச் சீட்டோடு வந்தார். அதில் இருந்த மாத்திரையின் பெயர் வேறு, உள்ளே இருப்பது அவர் ஏற்கெனவே சாப்பிடும் அதே கிளைமிபிரைடு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டிருந்தால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கி மயங்கி விழுந்திருப்பார். எப்படி நடந்தது என்று விசாரித்தேன். மருத்துவர் இந்தியில் கேட்டிருக்கிறார், பேரன் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருக்கிறான். வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டானாம். பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். "என்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே தாயி" என்றார். அவரிடம் தமிழில் கேட்டிருந்தால் காலையில் எது, ராத்திரி எது என்று மாத்திரையின் நிறத்தோடு சொல்லியிருப்பார். எனக்கு அப்படித்தான் சொல்வார்.

அந்தச் சீட்டில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. மருத்துவரிடம் பேசலாம் என்று அழைத்தேன். பதிவு செய்யப்பட்ட குரல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசியது. பிறகு வந்த வாடிக்கையாளர் சேவைப் பெண், மருத்துவரோடு நேரடியாக இணைக்க முடியாது, புகாரைப் பதிவு செய்கிறேன் என்றார். உள்ளூர் மருத்துவர் சீட்டில் சந்தேகம் வந்தால் நான் நேராக அழைப்பேன். "ஆமாம்மா, அதை நிறுத்திட்டு இதைக் குடுங்க" என்று அவர் திருத்துவார். மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் நடுவில் நடக்கும் இந்தச் சின்னப் பேச்சு எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. செயலிச் சீட்டுகளில் அந்த வழி அடைபட்டுவிட்டது.

தொடர் சிகிச்சை என்பதற்கும் நெறிமுறையில் தெளிவான அர்த்தம் இருக்கிறது. ஒரு மருத்துவரை நேரில் பார்த்த ஆறு மாதத்துக்குள், அதே நோய்க்காக, அதே மருத்துவரிடம் பேசுவது. நான் பார்க்கும் செயலிச் சீட்டுகளில் அடுத்த முறை பேசுபவர் வேறு ஊரில் இருக்கும் வேறு மருத்துவர். ஆனாலும் சீட்டின் தலைப்பில் தொடர் சிகிச்சை என்றே அச்சாகி வருகிறது. அப்படிப் போட்டுக்கொண்டால் கூடுதல் மருந்துகளை எழுதலாமே.

செயலிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே சுற்றுவட்டக் கிராமத்தில் இருப்பவர் ஒரு தோல் மருத்துவரைப் பார்க்க மதுரைக்கோ விருதுநகருக்கோ போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். வெள்ளைப்படுதல் என்று உள்ளூர் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் கஷ்டப்படும் பெண்கள் என்னிடம் வந்து காதோடு மாத்திரை கேட்கிறார்கள். வீட்டிலிருந்தே ஒரு பெண் மருத்துவரிடம் பேச முடிந்தால் அவர்களுக்கு அது பெரிய விடுதலை. 2020 ஏப்ரலில் ஒன்றிய அரசின் ஈ-சஞ்சீவனி இணையவழிப் புறநோயாளர் சேவை தொடங்கியபோது அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது. கட்டணம் இல்லை, விற்பதற்கு மருந்தும் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புறக் கண் மையங்களில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் நோயாளியின் கண்ணைப் பரிசோதித்து, விவரத்தை மருத்துவருக்கு அனுப்புகிறார். மருத்துவர் திரையில் வந்து நோயாளியோடு நேராகப் பேசுகிறார். திரை வழியே நல்ல மருத்துவம் பார்க்க முடியும் என்பதை எங்கள் பக்கத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். பரிசோதிக்க ஓர் ஆள், நோயாளிக்குப் புரியும் மொழி, பொறுப்பேற்கும் ஒரு மருத்துவர் இருந்தால் திரை ஒரு தடையே இல்லை.

அதனால்தான் என் புகார் தொழில்நுட்பத்தின் மேல் இல்லை, உங்கள் மேல் இருக்கிறது. விதிகளை மீறும் செயலியைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கலாம், சேர்த்த பிறகு எந்த மருத்துவரும் அதன் வழியே ஆலோசனை தரக் கூடாது என்று 2020 நெறிமுறைகள் அதிகாரம் கொடுத்திருக்கின்றன. அப்படிச் சேர்க்கப்பட்ட ஒரு செயலியின் பெயரையும் நான் இதுவரை படித்ததில்லை. தொலைமருத்துவம் பார்க்க விரும்பும் மருத்துவர்கள் மூன்று வருடத்துக்குள் ஓர் இணையவழிப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்றும் அவை சொல்லியிருந்தன. அந்த மூன்று வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. என் கடைக்கு வரும் சீட்டை எழுதியவர் அந்தப் பயிற்சியை முடித்தவரா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழியும் இல்லை. 2023 ஆகஸ்ட் மாதம் புதிய ஒழுக்க விதிகளை வெளியிட்டீர்கள், தொலைமருத்துவமும் அதில் இருந்தது. அதே மாதம் 23ஆம் தேதி அவற்றை நிறுத்தி வைத்து, 2002 விதிகளையே மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். நிறுத்தி வைத்ததற்குக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் பழைய விதிகளில் செல்லுபடியாகும் பின்னிணைப்பை அமல்படுத்துவதற்கு அது தடை ஆகாது.

பதிவு எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எண் அச்சிடப்பட்ட சீட்டுகளிலும் பல நேரம் எந்த மாநிலக் கவுன்சில் என்று இருப்பதில்லை. ஒவ்வொரு மாநிலக் கவுன்சிலும் தனித்தனி வரிசையில் எண் கொடுப்பதால், வெறும் எண்ணை இந்திய மருத்துவப் பதிவேட்டில் தேடினால் வேறு வேறு மாநிலத்தில் வேறு வேறு மருத்துவர்கள் வந்து நிற்கிறார்கள். 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவப் பதிவேட்டைத் தொடங்கி, எல்லா மருத்துவர்களுக்கும் ஒரே தனி அடையாள எண் என்றீர்கள். இந்தக் குழப்பத்துக்கு அதுதான் மருந்து. அதைச் செயலிச் சீட்டுகளிலிருந்தே கட்டாயமாக்கத் தொடங்கலாம். தெருக்கோடியில் மருத்துவமனை வைத்திருப்பவரைத் தேடிப் போய் யாரும் கேட்டுக்கொள்ளலாம். செயலியில் இருப்பவருக்கு அந்த எண்தான் வாசல். இன்று எங்கள் ஊர் நோயாளி புகார் சொல்ல வேண்டுமென்றால், அந்த மருத்துவர் எந்த மாநிலத்தில் பதிவு செய்தவர் என்று கண்டுபிடித்து அந்த மாநிலக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். நூற்பாலைத் தொழிலாளி அதைச் செய்வார் என்று எதிர்பார்க்கிறீர்களா?

2024 ஜனவரியில் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம், ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக எழுதுகிறோம் என்ற காரணத்தையும் சீட்டில் குறிப்பிடுங்கள் என்று மருத்துவர்களையும், சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள் என்று மருந்தாளுநர்களையும் கேட்டுக்கொண்டது. இரண்டும் நியாயமான வேண்டுகோள். நான் என் பங்கைச் செய்கிறேன், அதற்காகத் திட்டும் வாங்குகிறேன். செயலிச் சீட்டில் காரணம் எழுதப்பட்டிருந்து நான் பார்த்தது அபூர்வம்.

உங்களிடம் நான் கேட்பது இவற்றைத்தான்.

தேசிய அடையாள எண்ணோ, மாநிலக் கவுன்சிலின் பெயரோடு கூடிய பதிவு எண்ணோ இல்லாத செயலிச் சீட்டு செல்லாது என்று தெளிவாக அறிவியுங்கள். அந்தச் சீட்டில் ஒரு கியூஆர் குறி இருக்க வேண்டும். அதை நான் கடையில் நின்றபடியே ஸ்கேன் செய்தால் தேசியப் பதிவேட்டில் அந்த மருத்துவரின் பக்கம் திறக்க வேண்டும். ஆலோசனை வீடியோவிலா, குரலிலா, எழுத்திலா, முதல் முறையா தொடர் சிகிச்சையா, நோயாளியின் உண்மையான பெயர், வயது, குழந்தை என்றால் எடை, மருந்து எழுதியதற்கான காரணம் எல்லாம் சீட்டில் கட்டாயம் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் செயலி அந்தச் சீட்டை வெளியே விடக் கூடாது. கணினிக்கு இது கஷ்டமான வேலை இல்லை.

மருந்தைக் கூடையில் போட்ட பிறகு மருத்துவரை அழைத்துச் சீட்டு வாங்கித் தரும் முறையைத் தடை செய்யுங்கள். விற்கிறவரே சீட்டுக்கும் ஏற்பாடு செய்யக் கூடாது. இதற்கு ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் உதவியும் தேவைப்படும். இணையத்தில் மருந்து விற்பதற்கான வரைவு விதிகள் 2018 ஆகஸ்டில் வெளியானவை. அவற்றை இறுதி செய்யும்படி நீங்கள் அமைச்சகத்துக்கு எழுதுங்கள், எழுதியதை மக்களுக்கும் தெரியப்படுத்துங்கள்.

நோயாளியின் மொழி தெரிந்த மருத்துவரோ, அது முடியாதபோது இணைப்பில் ஒரு மொழிபெயர்ப்பாளரோ இல்லாமல் ஆலோசனை தொடங்கக் கூடாது என்று விதி கொண்டுவாருங்கள். பேச முடிகிற நிலையில் இருக்கும் நோயாளியிடம் மருத்துவர் நேராகக் கேட்க வேண்டும்.

மருந்தாளுநர் மருத்துவரை அடைய, செயலி ஒவ்வொன்றும் வேலை நேரத்தில் எடுக்கப்படும் ஓர் எண்ணைச் சீட்டிலேயே தர வேண்டும். நாங்கள் மருந்து கொடுக்க மறுத்த சீட்டுகளை உங்களுக்கு அனுப்ப ஒரு தனி வழி திறந்து வையுங்கள். தமிழிலும் எழுதலாம் என்று இருக்கட்டும். நோயாளிகள் எந்த மாநிலத்து மருத்துவரைப் பற்றியும் தங்கள் ஊர் இருக்கும் மாநிலக் கவுன்சிலிலேயே புகார் கொடுக்க வழி செய்யுங்கள். புகாரை உரிய இடத்துக்கு அனுப்பும் வேலை கவுன்சிலுடையதாக இருக்கட்டும்.

கடைசியாக, கறுப்புப் பட்டியல் அதிகாரத்தைப் பயன்படுத்துங்கள். செயலிகளின் சீட்டுகளை மாதிரிக்கு எடுத்துச் சோதித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடிவுகளைச் செயலியின் பெயரோடு வெளியிடுங்கள். விதியை மீறியவற்றின் பெயர்கள் எங்களைப் போன்ற ஒவ்வொரு மருந்துக் கடைக்கும் வந்து சேர வேண்டும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், நான் மறுக்கும் சீட்டை அடுத்த கடையிலும் மறுப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
அருப்புக்கோட்டை